ஏறுகிற வண்டிக்கு வழி

வசுமதியின் வீட்டுக் கூடத்தில், வருடா வருடம் கொலுப் படி கட்டும் இடத்துக்கு நேர் மேலே, ஒரு படம் ஆறு வருடமாகத் தொங்குகிறது. சிக்கிமில் தும்சே லா என்ற கணவாயில் எடுத்த படம். உயரம் எழுதிய மஞ்சள் பலகை, அதற்குப் பின்னால் பனி, முன்னால் ஆறு பேர். வசுமதியின் கணவர் பத்மநாபன், மகன் ஜெயந்த், மகள் சுபிக்ஷா, பத்மநாபனின் அக்கா, அக்காவின் வீட்டுக்காரர், அவர்களுடைய பையன். ஆறு பேரும் மூக்கு சிவக்கச் சிரிக்கிறார்கள். வசுமதி அதில் இல்லை.

கொலுவுக்கு வருகிறவர்கள் பொம்மைகளைப் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தினால் அந்தப் படம்தான் கண்ணில் படும். பட்டவுடன் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். போன வருடம் அதைக் கேட்டவள் கல்பனா. பத்மநாபனின் சித்தப்பா பிள்ளை முத்துகிருஷ்ணனின் மனைவி. அவருக்கு மாற்றலாகி, அவர்கள் கொல்கத்தாவுக்கு வந்து அப்போது மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

"என்ன இது, மன்னியைக் காணோமே இதுல?"

"படம் எடுத்தது அவதான்," என்றார் பத்மநாபன்.

அதைச் சொல்லும்போது அவருக்குக் கண்கூட இமைக்காது. சொல்லிச் சொல்லி அவரே நம்பத் தொடங்கிவிட்டார் என்றுதான் நினைக்க வேண்டும்.

"எவ்வளவு நன்னா வந்திருக்கு மன்னி! மேலே எப்படி இருந்தது? மூச்சு முட்டித்தா?"

"காது ரெண்டும் அடைச்சுண்டுது," என்றாள் வசுமதி. "காத்து ஆளையே தள்ளித்து. பனியைக் கையில எடுத்தா அரிசி மாவு மாதிரி உதிர்ந்தது."

சொல்லி முடித்தவள், சுண்டல் கொண்டுவருவதாகச் சமையலறைக்குள் போய் அப்படியே நின்றுவிட்டாள். வெளியே நியூ டவுன் துர்கா பூஜைப் பந்தலில் டாக் மேளம் காதைப் பிளந்துகொண்டிருந்தது. அந்தப் பனியை அவள் தொட்டதே இல்லை. அந்தப் பலகையைப் பார்த்ததே இல்லை. மாவு, காற்று, காது எல்லாமே சுபிக்ஷா சொல்லக் கேட்டது. இத்தனை நாள் பொய் சொன்னது பத்மநாபன். அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். இன்றைக்கு அவள் வாயாலேயே, அதுவும் இவ்வளவு சரளமாக வந்துவிட்டது. தன் மேலேயே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உண்மையில் நடந்தது இதுதான். அந்தப் பயணத்துக்காக வசுமதி வீட்டிலேயே புளிக்காய்ச்சல் காய்ச்சி பாட்டிலில் அடைத்து எடுத்துப் போயிருந்தாள். கணவாய்க்குக் கிளம்பும் நாள் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, காங்டாக் விடுதி அறையில் மின்சாரக் குக்கரில் சாதம் வைத்து, புளியோதரை கலந்து, பெரிய தூக்கில் போட்டு மூடினாள். மலையில் விற்கிற மோமோ பக்கம் நாத்தனார் தலை வைத்தும் படுக்க மாட்டார். வாடகை ஜீப் கணவாய்க்குக் கீழேயே நின்றுவிட்டது. கடைசி அரைக் கிலோமீட்டர் நடந்துதான் ஏற வேண்டும். ஓட்டுநர் தேநீர்க் கடைக்குப் போய்விட்டார். ஜீப்பைச் சுற்றி இரண்டு நாய்கள் மோப்பம் பிடித்தன. "சாப்பாட்டுக்கு யாராவது காவல் இருக்கணுமே," என்றார் நாத்தனார்.

"வசு இருந்துப்பா," என்றார் பத்மநாபன், கையுறையை மாட்டிக்கொண்டே.

இருக்கிறாயா என்று யாரும் கேட்கவில்லை. இருந்துப்பா, அவ்வளவுதான். மடியில் தூக்கை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் வசுமதி ஜீப்பில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்கு வெளியே ஒரே மூட்டம். கணவாய் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை. திரும்பி வந்தவர்கள் கையை ஊதி ஊதிச் சாப்பிட்டார்கள். "உப்பு ஒரு கல்லு தூக்கல்," என்றார் நாத்தனார். படத்தை எடுத்தவர் மேலே நின்றிருந்த யாரோ ஒரு சர்தார்ஜி.

இத்தனைக்கும் வசுமதி வாயில்லாப் பூச்சி கிடையாது. கிடர்பூர் துறைமுகத்தில், சரக்கு லாரிகள் உள்ளே போக அனுமதிச் சீட்டு கொடுக்கும் பிரிவில் கண்காணிப்பாளர். மீசையை முறுக்கிக்கொண்டு வருகிற லாரிக்காரர்களை ஒரு கையசைப்பில் வரிசையில் நிறுத்துகிறவள். வீட்டு வாசற்படி ஏறினால் மட்டும் அந்தக் கை எங்கே போய்த் தொலைகிறது என்பது அவளுக்கே விளங்காத விஷயம்.

பூஜை விடுமுறை முடிந்த முதல் நாளே, அலுவலகத்திலிருந்து நேராகக் காளிகாட் போய், மெட்ரோவை ஒட்டிய சந்தில் இருந்த ஓட்டுநர் பள்ளியில் பெயரைக் கொடுத்தாள். ஐம்பத்தாறு வயது என்றதும் அங்கிருந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒருமுறை பார்த்தார். செம்பருத்தி மாலை விற்கிறவர்கள், கைவண்டிகள், நடுத்தெருவில் நின்றபடியே காளியம்மாவை நோக்கிக் கும்பிடுகிறவர்கள் எல்லோருக்கும் நடுவில் மூன்று மாதம் ஓட்டினாள். காளிகாட் சந்துகளில் ஓட்டிப் பழகியவர்களை வேறெந்த நெரிசலும் ஒன்றும் செய்துவிட முடியாது. பொங்கலுக்குள் உரிமம் கைக்கு வந்துவிட்டது.

அதுவரை பத்மநாபன் இதைப் பொழுதுபோக்கு என்றே நினைத்திருந்தார். ஓய்வு பெற்ற மத்திய அரசு அதிகாரி. காலையில் செய்தித்தாளைக் கடைசி வரிவரை படிக்காமல் கீழே வைக்க மாட்டார்.

"ஏப்ரல்ல தும்சே லா போறேன்," என்றாள் வசுமதி. "கார்ல. நான்தான் ஓட்டப் போறேன்."

செய்தித்தாள் கீழே இறங்கியது. "நம்ம காரையா?"

"பின்னே, ஆபீஸ் லாரியையா?"

"அசடு மாதிரி பேசாதே வசு. நானே ஏர்போர்ட்டைத் தாண்டி ஓட்டினதில்லை."

"அது உங்க இஷ்டம்."

அவர் உடனே பெங்களூரில் இருந்த சுபிக்ஷாவுக்குப் போனைப் போட்டார். தன்னால் முடியாததை மகளை விட்டுச் செய்வது அவர் வழக்கம். சுபிக்ஷாவும் அப்பா எதிர்பார்த்தபடியே ஆரம்பித்தாள். "அம்மா, ஆர் யூ சீரியஸ்? ஆசையா இருந்தா ஒரு டிரைவர் வெச்சுண்டு போயேன்."

"டிரைவர் வெச்சுண்டு ஒரு தடவை போயாச்சே. ஒன்றரை மணி நேரம் தூக்கைக் கட்டிண்டு உக்காந்திருந்தேனே, மறந்துட்டியா?"

"அம்மா, அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்த சுபிக்ஷா நிறுத்திக்கொண்டாள். அன்றைக்கு அவளுக்கு இருபது வயது. திரும்பிக்கூடப் பார்க்காமல் மேலே ஓடியவர்களில் முதல் ஆள் அவள்தான். வசுமதி அதைச் சொல்லிக் காட்டவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.

மலையில் ஓட்டத் தெரிந்தவர்களைத் தேடி அவள் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. நாமக்கல் லாரிக்காரர் முருகானந்தம் மாதத்தில் இரண்டு முறை அவள் ஜன்னலுக்கு வருகிறவர். அருணாசலப் பிரதேசம் வரைக்கும் சரக்கு ஏற்றிப் போனவர். சீட்டில் முத்திரையைக் குத்திக்கொண்டே அவரிடம் கேட்டாள்.

"யாருங்க மேடம் ஓட்டறது, சாருங்களா?"

"நான்."

முருகானந்தம் சிரிக்கவில்லை. அதற்காகவே அவர்மேல் அவளுக்கு மரியாதை வந்தது. "ஏறுன கியர்லயே எறங்கோணுமுங்க. நியூட்ரல்ல உட்டீங்கன்னா வண்டி நம்ம பேச்சக் கேக்காது. பாதி ஏத்தத்துல நின்னுபோட்டு மறுக்கா எடுக்கறப்ப ஒரு சாண்கூடப் பின்னால உருளக் கூடாது. அப்பறம் எதுக்க வண்டி வந்துச்சுன்னா, ஏறுற வண்டிக்குத்தான் வழி. எறங்கறவன்தான் ஒதுங்கோணும். எவன் ஆரன் அடிச்சாலும் நீங்க பின்னால எடுத்துராதீங்க." சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டவர் ஜன்னலுக்கு வெளியே ஒரு பார்வை பார்த்தார். "ஆனா பழகறதுக்கு இந்த ஊர்ல மேடு எங்கீங்க இருக்குது?"

அதுதான் கேள்வி. கொல்கத்தா தோசைக்கல் மாதிரி தட்டையான ஊர். மேம்பாலங்களில் ஏறலாம்தான், நடுவில் நிறுத்திப் பழகினால் பின்னால் வருகிறவன் நம் ஏழு தலைமுறையையும் இழுப்பான். இரண்டு வாரம் வசுமதி ஊர் முழுக்க மேடு தேடினாள். கடைசியில் அது அவள் காலடியிலேயே இருந்தது.

அவர்கள் குடியிருப்பில் கார் நிறுத்துவதற்கென்றே நான்கு மாடிகள். தரைத்தளத்திலிருந்து நான்காவது மாடிவரை, சுவரை ஒட்டி வளைந்து வளைந்து ஏறும் சாய்தளம். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு குவிகண்ணாடி. ஒன்றரைக் கார் அகலம்தான். மலைப்பாதைக்கு இதைவிடக் கிட்டத்தில் இந்த ஊரில் எதுவும் கிடையாது.

தினமும் காலை ஐந்தரை மணிக்கு வசுமதி கீழே இறங்கினாள். ஏறுவாள், பாதி வளைவில் நிறுத்துவாள், கைப்பிரேக்கை இழுப்பாள், மறுபடி எடுப்பாள். முதல் வாரம் கார் ஒவ்வொரு முறையும் பின்னால் உருண்டது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் சுவரில் இரண்டு கோடுகள் விழுந்தன. காரில் அதே அளவில் இரண்டு. பத்மநாபன் காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, யாரோ செத்துப்போன மாதிரி மேலே ஏறி வந்தார். மூன்றாவது வாரத்தில் உருளுவது ஒரு அடியாகக் குறைந்தது, பிறகு ஒரு சாண். முருகானந்தம் சொன்ன கணக்குக்கு அதுவும் அதிகம்தான்.

குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் புகை கிளம்பியது. விடியற்காலையில் என்ன சத்தம், 12-சி மேடம் என்ன செய்கிறார், இது பார்க்கிங்கா சர்க்கஸா என்று. சங்கச் செயலாளர் அபினவ் சென் ஒருநாள் மாலை வீட்டுக்கே வந்துவிட்டார். நாற்பது வயதுக்காரர், பக்கத்து ஐடி வளாகத்தில் பெரிய வேலை. கதவைத் திறந்தவள் வசுமதி. அவர் பேசியது அவள் தோளுக்கு மேலே, உள்ளே உட்கார்ந்திருந்த பத்மநாபனோடு.

"மிஸ்டர் பத்மநாபன், உங்க மிசஸ்கிட்டக் கொஞ்சம் சொல்லுங்க. எல்லாருக்கும் தொந்தரவா இருக்கு."

"சாரி, சாரி. நான் சொல்றேன்," என்றார் பத்மநாபன், எழுந்து நின்று.

"நான் இங்கேதான் நிக்கறேன் அபினவ்," என்றாள் வசுமதி வங்காளியில். முப்பது வருட வங்காளி, கிடர்பூரில் தீட்டியது. "எங்கிட்டயே சொல்லலாம். எனக்குக் காது கேட்கும்."

அவர் ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போனார். மறுநாள் லிஃப்டில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. சாய்தளம் வண்டிகள் ஏறி இறங்குவதற்கு மட்டுமே, பயிற்சிக்கு அல்ல. வசுமதி கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அதற்கடியில் எழுதினாள்: நானும் ஏறி இறங்கத்தான் செய்கிறேன். 12-சி.

"ஊர் சிரிக்கறது வசு," என்றார் பத்மநாபன்.

"சிரிக்கட்டும். அதுக்கும் அவாளுக்கு ஒரு காரணம் வேண்டாமா?"

மார்ச் கடைசியில் ஒரு நாள் காலை, அவள் இரண்டாவது மாடி வளைவில் பாதி ஏறியிருந்தபோது, மேலேயிருந்து அபினவின் பெரிய வண்டி இறங்கி வந்து மூக்குக்கு மூக்கு நின்றது. விமானத்தைப் பிடிக்கிற அவசரம் போலிருக்கிறது. ஹாரனை அழுத்தினார். பின்னால் போ என்று கையை ஆட்டினார். வசுமதி கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் முழு வளைவு; இடது பக்கம் அவளே போட்ட இரண்டு கோடுகள். அவர் பத்தடி பின்னால் ஏறினால் மூன்றாவது மாடி, அகலமான இடம். அவள் கைப்பிரேக்கை இழுத்துவிட்டுச் சும்மா இருந்தாள்.

அபினவ் இறங்கி வந்தார். மூத்தவளைச் சித்தி என்று கூப்பிடுகிற வங்காளி மரியாதையை மட்டும் விடவில்லை. "மாஷிமா, தயவுசெய்து பின்னாடி எடுங்க. எனக்கு ஃப்ளைட்."

"ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. இறங்குகிறவங்கதான் ஒதுங்கணும்."

"அது மலையில மாஷிமா! இது பார்க்கிங்."

"எனக்கு இப்போதைக்கு இதுதான் மலை."

நடைப்பயிற்சிக்கு இறங்கியவர்கள் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். பால் வாங்கிக்கொண்டு வந்த பத்மநாபனும் கீழ்த் திருப்பத்தில் நின்றுவிட்டார். வசுமதிக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஆறு வருடம் முன்னால் ஜீப்பில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாளே, அந்தப் பயத்தைவிட இது எவ்வளவோ மேல். அவள் ஸ்டியரிங்கை விடவில்லை.

அபினவ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஏதோ சொல்லிக்கொண்டே வண்டியில் ஏறி, பின்னால் எடுத்து மூன்றாவது மாடியில் ஒதுங்கினார். வசுமதி கிளட்சைப் பாதி விட்டாள். கார் நடுங்கியது. கைப்பிரேக்கை இறக்கினாள். ஒரு சாண் இல்லை, ஒரு விரல்கூட உருளாமல் கார் மேலே ஏறியது. அபினவைக் கடக்கும்போது கண்ணாடியை இறக்கி, "நன்றி, அபினவ். ஃப்ளைட்டை விட்டுடாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று காப்பி குடிக்கும்போது பத்மநாபன் டம்ளரைப் பாதியில் கீழே வைத்தார். "நான் வரலைன்னா?" என்றார்.

"வராட்டா இருங்கோ. சாவி எங்கிட்ட இருக்கு."

கிளம்புவதற்கு முந்தின நாள் பார்த்தால் அவர் பெட்டி தயாராக இருந்தது. மேலே, லேசாகக் குளிர்ந்தாலே வங்காளிகள் மாட்டிக்கொள்கிற குரங்குக் குல்லாய் ஒன்று. முப்பது வருடம் வங்காளத்தில் இருந்ததற்கு அவர் பாதி வங்காளி ஆகியிருந்தது குளிர் விஷயத்தில் மட்டும்தான். "வழிக்கு என்ன சாப்பாடு?" என்று கேட்டார்.

"வழியில கடை இருக்கு. நான் வண்டி ஓட்டறேன், தளிகை பண்ணப் போறதில்லை."

வழிப்பயணம் முழுக்க அவருக்கு வேலை, இல்லாத பிரேக்கை வலது காலால் அழுத்திக்கொண்டிருப்பது. மால்டாவில் ஒரு இரவு, சிலிகுரியில் ஒரு இரவு. சிலிகுரி தாண்டியதும் பாதை மேலே தூக்கத் தொடங்கியது. தீஸ்தா ஆறு பக்கத்திலேயே வந்தது. கடைசியாகத் தங்கிய மலைக்கிராமத்து விடுதியில் வசுமதி காலையில் கண் விழித்தபோது, பத்மநாபன் மின்சாரக் குக்கரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவளுக்குத் தெரியாமல் குக்கரையும் புளிக்காய்ச்சல் பாட்டிலையும் தூக்கையும் பெட்டிக்குள் கொண்டுவந்திருக்கிறார். சாதம் களியாக இருந்தது. வாழ்நாளில் அவர் கலந்த முதல் புளியோதரை. வசுமதி காரை எடுத்தாள்.

சோதனைச் சாவடியில் காவலர் நேராகப் பத்மநாபன் பக்க ஜன்னலுக்கு வந்து உரிமத்தைக் கேட்டார். பத்மநாபன் ஒருகணம் வசுமதியைப் பார்த்தார். "டிரைவர் அவங்க," என்றார். காவலர் காரைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வர வேண்டியிருந்தது.

அதற்கப்புறம் திருப்பம் மேல் திருப்பம். குவிகண்ணாடி கிடையாது, சுவர் கிடையாது; சுவர் இருக்க வேண்டிய இடத்தில் பள்ளத்தாக்கு. ஒரு கொண்டை ஊசி வளைவில் சுற்றுலா ஜீப் ஒன்று மேலேயிருந்து வந்து வழியை அடைத்துக்கொண்டது. பின்னால் எடு என்று ஓட்டுநர் ஹாரனை அலற விட்டார். வசுமதி கைப்பிரேக்கை இழுத்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் குரங்குக் குல்லாய் ஜன்னலுக்கு வெளியே நீண்டது.

"சட்னேவாலே கோ ராஸ்தா தோ, பாய்! ஏறுற வண்டிக்குத்தான் வழி!" என்று கத்தினார் பத்மநாபன், பாதி இந்தியில், பாதி தமிழில்.

ஜீப் பின்வாங்கியது. கார் ஒரு விரலும் உருளாமல் ஏறியது. வசுமதிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்தால் ஸ்டியரிங் ஆடும் என்று அடக்கிக்கொண்டாள்.

கணவாய்க்குக் கீழே, அதே இடத்தில் காரை நிறுத்தினாள். அதே தேநீர்க் கடை. நாய்கள்கூட இருந்தன, பழைய நாய்களின் பேரப்பிள்ளைகளாக இருக்கலாம். பத்மநாபன் இறங்கவில்லை. தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீ போயிட்டு வா வசு. நான் இதைப் பாத்துண்டு இங்கேயே இருக்கேன்," என்றார். அவர் மனதில் ஏதோ கணக்கு நேர் செய்கிற நினைப்பு இருந்தது, முகத்திலேயே தெரிந்தது.

வசுமதிக்கு அப்போதுதான் உண்மையான கோபம் வந்தது. ஆறு வருடக் கோபம். அவள் அவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள், தூக்கை வாங்கினாள், பின் சீட்டில் வைத்தாள். "இறங்குங்கோ." அவர் இறங்கினார். கதவைச் சாத்திச் சாவியை அழுத்தினாள். கார் கீச்சென்று ஒரு சத்தம் போட்டுப் பூட்டிக்கொண்டது.

"வண்டிக்குப் பூட்டுன்னு ஒண்ணு இருக்கு," என்றாள். "அன்னிக்கும் இருந்தது."

பத்மநாபன் சாத்திய கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவளுக்கு இரண்டடி பின்னால் நடந்து வந்தார்.

அரைக் கிலோமீட்டர் ஏற அவர்களுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. மூச்சு முட்டியது உண்மை. காற்று தள்ளியதும் உண்மை. மஞ்சள் பலகையில் பாதிப் பெயின்ட் உரிந்துவிட்டிருந்தது. வசுமதி கையுறையைக் கழற்றிவிட்டுப் பாதையோரத்துப் பனியை ஒரு பிடி எடுத்தாள். அது மாவு மாதிரி உதிரவில்லை. நனைந்த கல்லுப்பு மாதிரி நறநறவென்று இருந்தது. சுபிக்ஷா வந்தபோது அது புதுப் பனியாக இருந்திருக்கலாம். இது அவளுடைய பனி, இது இப்படித்தான். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. விரல்கள் மரத்துப்போகும்வரை அதைக் கையிலேயே வைத்திருந்தாள். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பக்கத்தில் நின்ற இளம் தம்பதி, இருவரையும் சேர்த்துப் படம் எடுத்துத் தருவதாகச் சொன்னார்கள்.

"வேண்டாம்ப்பா, தேங்க்ஸ்," என்றாள் வசுமதி. பத்மநாபனைப் பலகைக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லிக் கைபேசியைத் தூக்கினாள். குல்லாயும், சிவந்த மூக்கும், சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாத முகமுமாக அவர் நின்றார். "அசையாதீங்கோ. நான்தான் எடுப்பேன்."

கீழே வந்து அந்தப் புளியோதரைக் களியைத் தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். உப்பே இல்லை. அதை அவள் சொல்லவில்லை, அவரே கண்டுபிடித்துக்கொண்டார்.

இந்த வருடக் கொலுவுக்கு, பழைய படத்துக்குப் பக்கத்தில் புதிதும் தொங்கியது. முத்துகிருஷ்ணனும் கல்பனாவும் வந்தார்கள். மாடி வீட்டு வங்காளிப் பெண்கள் நான்கு பேரும், அவர்களோடு அபினவின் மனைவியும் வந்திருந்தார்கள். கல்பனா பொம்மைகளைப் பார்த்து முடித்து நிமிர்ந்தாள்.

"இதுலயும் மன்னியைக் காணோமே!"

"படம் எடுத்தது அவதான்," என்றார் பத்மநாபன், பழக்கத்தில். சொன்ன பிறகுதான் அது நிஜம் என்று அவருக்கே உறைத்த மாதிரி இருந்தது.

"ரெண்டையுமே நீங்கதான் எடுத்தேளா மன்னி? உங்களை ஒருத்தரும் எடுக்கப்படாதோ?"

வசுமதி சுண்டல் பாத்திரத்தோடு நின்றாள். சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போயிருக்கலாம். போன வருடம் போனாள்.

"இல்லே கல்பனா," என்றாள். "அந்தப் பழைய படத்தை எடுத்தது யாரோ ஒரு சர்தார்ஜி. நான் கீழே ஜீப்புக்குள்ள புளியோதரைக்குக் காவல் இருந்தேன். பனி மாவு மாதிரி இருந்ததுன்னு போன வருஷம் உங்கிட்டச் சொன்னேனே, அது பொய். இந்தப் படத்தை எடுத்தது நான். வண்டி ஓட்டினதும் நான்."

முத்துகிருஷ்ணன் தசாவதாரப் பொம்மைகளை முதல்முறை பார்ப்பது போலப் பார்த்தார். எல்லோர் கண்ணும் மெல்லப் பத்மநாபன் பக்கம் திரும்பியது. அவர் பழைய படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஜீப்புக்குப் பூட்டு இருந்தது," என்றார். "எனக்குத்தான் தோணலை. தோணியிருக்கணும்."

பரவாயில்லை என்று வசுமதி சொல்லவில்லை. சுண்டல் பாத்திரத்தையும் கரண்டியையும் அவர் கையில் கொடுத்தாள்.

"எல்லாருக்கும் போடுங்கோ," என்றாள். பிறகு கல்பனாவின் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "நீ கேளு கல்பனா. பனி எப்படி இருக்கும்னு நான் சொல்றேன்."